மறு: 'ஓவர்சைட்'டுக்கு 'மேற்பார்வை' போதுமா? – தீ, கட்டட விதிகள்

எல்லாருக்கும் வணக்கம்,

அமெரிக்கத் தீ, கட்டட விதிகளைத் தமிழாக்கும்போது 'ஓவர்சைட்'ங்கிற வார்த்தைக்கு என்ன போடறதுன்னு ஓடிட்டிருக்கிற இந்த இழையை முதல்லேருந்து படிச்சிட்டுதான் எழுதறேன். அமெரிக்காவுல அபார்ட்மென்ட்ல குடியிருக்கிற நம்ம ஆளுங்களுக்கான தீப் பாதுகாப்புக் கையேட்டுல எனக்கும் இதே வார்த்தை வந்து நிக்குது. ஊர் இன்ஸ்பெக்டர் ஒரு கட்டடத்தைப் பாத்துட்டு சரி, சரியில்லைன்னு முடிவு சொல்றார், அந்த முடிவு மேல மாநில அரசுக்கு ஒரு 'ஓவர்சைட்', அதாவது மேல இருந்து சரிபாக்கிற அதிகாரம், இருக்கு. இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது?

> மேற்பார்வைன்னே போட்டுடலாமே, எல்லாருக்கும் புரியும்

புரியும் ஐயா, ஆனா வேற ஒண்ணு புரிஞ்சிடும். மேற்பார்வைன்னா வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு பாக்கிறது, மேஸ்திரி செய்றது. இங்க மாநிலம் பக்கத்துல நிக்கிறதே இல்ல, முடிவு எடுத்து கையெழுத்தாகி ஃபைல் மூடினப்புறம்தான் அதோட வேலையே ஆரம்பிக்குது. கண்காணிப்புன்னா இப்ப எல்லாருக்கும் கேமராதான் ஞாபகம் வரும்.

> மேல்முறையீடு, சீராய்வுன்னு கோர்ட் தமிழ் ஏற்கெனவே இருக்கே, புதுசா எதுக்கு

இதுலதான் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து, கொஞ்சம் விரிவா சொல்லிடறேன். மேல்முறையீடுன்னா யாரோ ஒருத்தர் பாதிக்கப்பட்டு மனு போடணும். வர்ஜீனியாவுல அப்படி ஒரு படிமுறை இருக்கு, உள்ளூர் அதிகாரி சொன்னது பிடிக்கலைன்னா முதல்ல உள்ளூர் மேல்முறையீட்டு வாரியம், அதுக்கு மேல மாநிலத்தோட தொழில்நுட்ப மறுஆய்வு வாரியம். நல்ல ஏற்பாடுதான். ஆனா மனு போடறது பெரும்பாலும் யாரு? இன்ஸ்பெக்டர் முடியாதுன்னு சொன்ன கட்டடத்துக்காரர். இன்ஸ்பெக்டர் தப்பா 'சரி'ன்னு சொல்லிட்டார்னா? ஓனருக்கு சந்தோஷம், அவர் எதுக்கு மனு போடப்போறார். உள்ள படுத்துத் தூங்கறவங்களுக்கும் பாட்டு கேக்க வர்றவங்களுக்கும் அப்படி ஒரு முடிவு எடுத்ததே தெரியாது. ஆள் சாகறது இந்த ரெண்டாவது வகை முடிவுலதான்.

ரோட் ஐலண்ட் மாநிலத்துல வெஸ்ட் வார்விக்னு ஒரு ஊர், அங்க 'தி ஸ்டேஷன்'னு ஒரு நைட் கிளப், 2003 பிப்ரவரி 20 ராத்திரி மேடையில விட்ட வாணம் சுவத்துல ஒட்டியிருந்த ஃபோம்ல பிடிச்சு 100 பேர் செத்துப்போனாங்க. அந்த ஃபோம் பாலியூரித்தேன், சத்தம் வெளிய போகாம இருக்க ஒட்டினது, ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள உள்ள மூச்சு விட முடியாத நிலை. ஊர் தீயணைப்புத் துறை இன்ஸ்பெக்டர் அதுக்கு முன்னாடி பல தடவை அந்தக் கட்டடத்தைப் பாத்திருக்கார். மேடைப் பக்கத்துக் கதவு உள்பக்கமா திறக்குது, அது விதிமீறல், அதைச் சரியா பிடிச்சு எழுதியிருக்கார். அதே கதவைச் சுத்தி ஒட்டியிருந்த ஃபோம் ரிப்போர்ட்ல இல்ல. அந்தக் கதவு மேல இருந்த கோவத்துல ஃபோமையே கவனிக்கலைன்னு பின்னாடி விசாரணையில சொன்னார். நின்னுகிட்டே பாக்கிற கூட்டம்னா 404 பேர் வரைக்கும் இருக்கலாம்னு அனுமதி கொடுத்ததும் ஊர் அதிகாரிதான். அந்த மாநிலத்துல தீ விதிகளுக்குன்னு மேல்முறையீடு, மறுஆய்வு வாரியமும் இருக்கு, கட்டடத்துக்காரங்க அங்க போய் விலக்கு கேக்கலாம். விட்டுப்போன ஃபோமைப் பத்தி யார் போய்க் கேப்பாங்க சொல்லுங்க.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல 80-ஏ பிரிவு இருக்கு, கட்டடத்துக்கு சீல் வச்சா உரிமையாளர் நேரா அரசுக்கே மனு போடலாம். கும்பகோணத்துல 2004 ஜூலை 16 அன்னிக்கு தீயில 94 குழந்தைங்க போன அந்த ஸ்கூல்ல கூரை வேய்ஞ்ச மாடி, குறுகலான படிக்கட்டு, ஒரே கட்டடத்துல மூணு பள்ளிக்கூடம், இதையெல்லாம் எதிர்த்து மனு போட அந்தக் குழந்தைங்களுக்கு எந்தப் பிரிவும் கிடையாது. எனக்கு இதை எழுதும்போதே மனசு கனக்குது. அதனாலதான் மேல்முறையீடுன்னு போட்டு முடிச்சிடாதீங்கன்னு இவ்வளவு வற்புறுத்தறேன்.

சீராய்வு கொஞ்சம் பக்கத்துல வருது, ஏன்னா மேல இருக்கிறவங்க தாமாக முன்வந்தும் ஃபைலைக் கூப்பிட்டுப் பாக்கலாம்ங்கிற அர்த்தம் அதுல இருக்கு. ஆனா அது ஒரு ஃபைல், ஒரு உத்தரவு, அவ்வளவுதான். ஓவர்சைட்ல மாநிலம் பாக்கிறது ஒரு ஊர் மொத்தமா எப்படி வேலை செய்யுதுங்கிறதை. நியூயார்க் மாநிலத்துல இது நல்லாத் தெரியும். விதியை எழுதறது மாநிலம், அமல்படுத்தறது கிராமம், டவுன், நகரம் (நியூயார்க் நகரத்துக்கு மட்டும் தனி விதி). ஒரு ஊர் ஒழுங்கா அமல்படுத்தலைன்னா மாநிலச் செயலர் 'இதைச் செய்'னு உத்தரவு போடலாம், அதுக்கும் மசியலைன்னா அந்த அதிகாரத்தையே எடுத்து கவுண்ட்டிகிட்ட (நம்ம மாவட்டம் மாதிரி) கொடுத்துடலாம். ராக்லாண்ட் கவுண்ட்டியில ஸ்பிரிங் வேலின்னு ஒரு ஊர்ல 2021 மார்ச் 23 அன்னிக்கு முதியோர் இல்லம் எரிஞ்சு ஒரு தீயணைப்பு வீரரும் அங்க குடியிருந்த ஒருத்தரும் இறந்தாங்க, அதுக்கப்புறம் 2022-ல அந்த ஊரோட கட்டடத் துறை வேலை கவுண்ட்டி கைக்குப் போச்சு. இதை சீராய்வுன்னு சொன்னா எந்த வக்கீலும் ஒத்துக்கமாட்டார்.

அதனால என்னோட பரிந்துரை: மேலாய்வு.

காரணம் ரொம்ப சிம்பிள். இன்ஸ்பெக்டரை நாம ஏற்கெனவே ஆய்வாளர்னுதான் சொல்றோம், அவர் செய்றது ஆய்வு. அந்த ஆய்வுக்கு மேல நடக்கிற ஆய்வு மேலாய்வு. மனு வந்தாலும் செய்யலாம், வராமலும் செய்யலாம். 'மாநில மேலாய்வு', 'மேலாய்வு அதிகாரம்', 'மேலாய்வுக்கு உட்பட்ட முடிவு' எல்லாம் தடுக்காம வருது.

> உயர் ஆராய்ச்சின்னு நினைச்சுக்க மாட்டாங்களா?

பல்கலைக்கழகத்துக்காரங்க அதுக்கு உயராய்வுன்னு வச்சிருக்காங்க, குழப்பம் வராதுன்னு நினைக்கிறேன். நேத்து ஒருத்தர் சொன்ன 'மேல்தணிக்கை'யும் நல்ல வார்த்தைதான், ஆனா தணிக்கைன்னா கணக்கு, இல்லைன்னா சினிமா சென்சார்.

ஊர்கிட்டேருந்து அதிகாரத்தை எடுத்துக்கிறதை மேலாய்வுக்குள்ள திணிக்க வேண்டாம், அதுக்கு 'பொறுப்பேற்பு'ன்னு சொற்பட்டியல்ல தனியா பதிவு வைக்கலாம், மேலாய்வோட கடைசிக் கட்டம் அதுன்னு விளக்கத்துல எழுதிடலாம். மாதிரி வாக்கியம்: "ஊர் ஆய்வாளர் கொடுத்த சான்று மாநில மேலாய்வுக்கு உட்பட்டது, புகார் வராவிட்டாலும் மாநிலம் அதைத் திறந்து பார்க்கலாம்."

இன்னொண்ணும் பாக்கி இருக்கு. 'தி ஸ்டேஷன்' பழைய கட்டடம்ங்கிறதால ஸ்பிரிங்க்லர் (தீப்பிடிச்சா தானா தண்ணி தெளிக்கிற அமைப்பு) போடவேண்டிய கட்டாயம் அதுக்கு இல்லாம இருந்தது, அந்த மாதிரி சலுகையை ரோட் ஐலண்ட் 2003-லேயே சட்டம் போட்டு எடுத்துச்சு. இதை இங்கிலீஷ்ல 'கிராண்ட்ஃபாதர் கிளாஸ்'னு சொல்றதால சிலர் 'தாத்தா விதி'ன்னு போட்டிருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம், படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் விளங்காது. 'பழைய கட்டட விலக்கு'ன்னு நான் போட்டிருக்கேன். கட்டடத் துறையில வேலை பாக்கிறவங்க யாராவது இருந்தா உங்க ஆபீஸ்ல இதுக்கு என்ன சொல்றீங்கன்னு எழுதுங்க, அந்த வார்த்தையையே எடுத்துக்கலாம்.