"ஜெபிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்

கடைசி வரிசை:
பத்து வருடம் இருக்கும். ஆராதனை முடிந்து காரை எடுத்துவிட்டேன். எங்கள் வரிசையில் ஓரமாக உட்காரும் அக்கா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்கள். பாதிதான் இறக்கினேன், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணும்மா." "கண்டிப்பா ஜெபிக்கிறேங்க்கா" என்றேன். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்டால் நேரமாகிவிடும் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. கண்ணாடி ஏறும்போதும் அவர்கள் விரல்கள் அதன் விளிம்பில் இருந்தன. கடைசி நொடியில் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடியில் நான்கு விரல் தடம். அன்று இரவு ஜெபித்தேன், அது பொய்யில்லை. அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பைபிளில் யாக்கோபு நிருபத்தில், இல்லாதவர்களிடம் 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவன் வருவானே, அந்த இடத்தை இப்போதும் வேகமாக வாசித்துக் கடந்துவிடுகிறேன்.

இரண்டு காசு:
நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள். கணவருக்கு வேலை போன சமயம், ஒரே ஒருவரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு மைக்கில், பேர் சொல்லி, "இந்தக் குடும்பத்தின் வறுமை நீங்க ஜெபிப்போம்." எல்லோரும் கண்ணை மூடினார்கள். என் மகள் மூடவில்லை. யாராவது தன்னைப் பார்க்கிறார்களா என்று வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு கவர் வந்தது, உதவியாகத்தான் இருந்தது. ஆனாலும் கடைசி வரிசை, நீங்கள் கேட்காமல் போனதுகூடப் பரவாயில்லை.

ஆமோஸ் ஆறு:
அதெப்படிப் பரவாயில்லை? லூக்கா 16 பாருங்கள். ஐசுவரியவான் தன் வாசலில் கிடந்த ஏழை லாசருவை அடித்தானா, விரட்டினானா? ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் விஷயம். பாதாளத்தில் வேதனைப்படும்போது பேர் சொல்லித்தான் கேட்கிறான், லாசருவை அனுப்பும் என்று. அப்படியென்றால் வாசலில் கிடந்தவன் பேர் முன்பே தெரியும்! அங்கே போயும் ஏவலுக்குத்தான் ஞாபகம் வருகிறது. தேவன் அழித்த சோதோம் பட்டணத்தின் பாவம் எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எசேக்கியேல் 16:49 சொல்வது பெருமை, வயிறு நிறைந்த சுகவாழ்வு, எளியவனுக்குக் கைகொடுக்காதது. ஆகவே கடைசி வரிசை சகோதரி, மாத முதல் நாளே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். லேவியராகமம் 19-ல் வயலின் ஓரத்தை அறுக்காதே என்று சொல்லியிருக்கிறது. மிஞ்சியதைக் கொடுப்பதல்ல, அறுக்கும்போதே விட்டுவைப்பது. நேரத்துக்கும் அப்படித்தான். ஆராதனைக்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். என் அனுபவமா? போன வருடம் ஒருவருக்கு உதவினேன், அவர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்னும் உறுத்துகிறது.

இரண்டு காசு:
மைக்கோடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்றேன். சண்டைக்கு வராதீர்கள்.

கடைசி வரிசை:
பிரதர், வயல் ஓரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த ஐசுவரியவானுக்காவது பேர் தெரிந்திருந்தது. அந்த அக்கா பேர் எனக்குத் தெரியாது. ஜெபித்தபோதும் "ஓரத்தில் உட்காரும் அக்கா" என்றுதான் ஜெபித்தேன்.