மலைப்பாதைக்கு எந்த மோட்டார் சைக்கிள்: 390 டியூக்கா, இன்டர்செப்டர் 650-ஆ?

சேலத்துச் சாலை:
என்னிடம் இப்போது இருப்பது பல்சர் 200 என்எஸ். வார நாள்களில் அலுவலகத்துக்கும் விடுமுறைகளில் மனைவியுடன் ஏற்காடு, கொல்லிமலைக்கும் அதில்தான் போய்வருகிறேன். அதன் முறுக்குவிசை (இன்ஜின் திருகும் விசை) 18.3 நியூட்டன் மீட்டர். அதுவும் 8,000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழலும்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது. கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியைத் தாண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், இரண்டாம் கியரில் வண்டி திணறுகிறது, முதல் கியருக்கு இறக்கினால் அலறுகிறது. கீழ் ஆர்பிஎம்மிலேயே நன்றாக இழுக்கக்கூடிய, ஃபேரிங் (காற்றைத் தடுக்கும் முன்மூடி) இல்லாத நேக்கட் வண்டிக்கு மாற நினைக்கிறேன். கேடிஎம் 390 டியூக், ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஆகிய இரண்டுக்கும் இடையில் முடிவெடுக்க முடியவில்லை.

இரட்டைச் சிலிண்டர்:
நீங்கள் கேட்பது இழுவை என்றால் விடை 650 தான். அதன் உச்ச முறுக்குவிசை ஏறத்தாழ 52 நியூட்டன் மீட்டர்; அதில் 80 விழுக்காடு 2,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது என்பது ராயல் என்ஃபீல்டே சொல்லும் கணக்கு. அதாவது, டியூக் 6,500 ஆர்பிஎம் வரை ஏறிப்போய்த் தொடும் 39 நியூட்டன் மீட்டரை இந்த வண்டி அரைத்தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறது. பேருந்து நகர்ந்ததும் கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரைத் திருகினால் போதும்.

கியர் பெட்டி:
இன்ஜினின் முறுக்குவிசையை மட்டும் வைத்து இழுவையை அளப்பதை ஏற்க முடியாது. சாலையைத் தள்ளுவது பின் சக்கரம். அங்கே போய்ச் சேரும் விசை, இன்ஜினின் முறுக்குவிசையைக் கியர் விகிதத்தாலும் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) விகிதத்தாலும் பெருக்கிக் கிடைப்பது. ஒரே வேகத்தில் செல்லும்போது டியூக்கின் இன்ஜின் 650-ஐவிட அதிகம் சுழல்கிறது. அப்படியானால் அதன் பெருக்கமும் அதிகம். சக்தியை எடுத்துக்கொண்டால் டியூக்குக்கு 46 பிஎஸ் (குதிரைத்திறன்), இன்டர்செப்டருக்கு 47 பிஎஸ், எடையோ 168 கிலோவுக்கு எதிராக 218 கிலோ. ஒரே சக்தி, ஐம்பது கிலோ கூடுதல் சுமை. இதில் எது நன்றாக ஏறும் என்பதற்குப் பட்டிமன்றம் வேண்டியதில்லை.

இரட்டைச் சிலிண்டர்:
நீங்கள் சொல்லும் 46 பிஎஸ் 8,500 ஆர்பிஎம்மில் கிடைப்பது. பேருந்தின் புகையைச் சுவாசித்துக்கொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவர் எந்தக் கியரில் அந்த ஆர்பிஎம்மை எட்டுவார்? இருவர் சேர்ந்து 140 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், டன்னுக்கு டியூக்கில் 127 நியூட்டன் மீட்டரும் இன்டர்செப்டரில் 145-க்கு மேலும் வருகின்றன. சக்தியை வைத்துப் பார்த்தால் டியூக் முந்துகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் பந்தயம் ஓட்டப்போவதில்லை. மேலும், ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. உயர்ந்த கியரில் 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழே ஆக்சிலரேட்டரைத் திறந்தால் செயின் சற்றே தளர்ந்து, உடனே விறைத்து, ஸ்விங்கார்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கையில்) ‘டக் டக்’ என்று அடிப்பதைக் காலடியில் உணரலாம். 270 டிகிரி கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கொண்ட இரட்டைச் சிலிண்டரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

கியர் பெட்டி:
அந்தக் குறை முந்தைய 373 சிசி டியூக்கில் கூடுதலாக இருந்தது. 2023-இல் வந்த தலைமுறையில் பிஸ்டனின் விட்டத்தை 89 மில்லிமீட்டராகவே வைத்துக்கொண்டு, ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை) 60-இலிருந்து 64 மில்லிமீட்டராக நீட்டியதால் கொள்ளளவு 399 சிசியாக உயர்ந்தது. நடு ஆர்பிஎம்மில் இழுவையும் தெளிவாகக் கூடியிருக்கிறது. அதோடு, ஏறியவர் இறங்கவும் வேண்டும். மழை பெய்து ஓய்ந்த பிறகு, வளைவின் உட்பக்கத்தில் மண் அடித்து வந்து படிந்திருக்கும் சாலையில், வண்டி சாய்ந்திருக்கும் நிலையை உணர்ந்து வேலைசெய்யும் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) டிராக்ஷன் கன்ட்ரோலும் (பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) டியூக்கில் இருக்கின்றன. இன்டர்செப்டரில் சாதாரண ஏபிஎஸ் மட்டுமே உண்டு.

கணக்குப்பிள்ளை:
இருவரும் வரியை மறந்துவிட்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதைத் தாண்டினால் 40 விழுக்காடு. நீங்கள் பேசும் இரண்டு வண்டிகளும் கோட்டுக்கு மேலே இருக்கின்றன. ஓசூர்க்காரரான டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்டிஆர் 310, கோட்டுக்குக் கீழே 35.6 பிஎஸ்ஸும் 28.7 நியூட்டன் மீட்டரும் தருகிறது. பல்சரிலிருந்து வருபவருக்கு அதுவே ஒன்றரை மடங்கு.

இரட்டைச் சிலிண்டர்:
அதன் உச்சமும் 6,500-க்கு மேலேதான் வருகிறது. எந்தக் குறையைச் சொல்லி அவர் வண்டி மாற்ற வந்தாரோ, அந்தக் குறையையே சற்றுச் சிறிதாக்கி வாங்கச் சொல்கிறீர்கள்.

பின் இருக்கை:
இதுவரை எழுதிய அனைவரும் பின்னால் உட்காரும் மனைவியை எடையாக மட்டுமே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். டியூக்கின் பின் இருக்கை உயரமானது, குறுகலானது. முழங்கால் மடங்கியே இருக்கும், ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடல் முன்னால் சரியும். கொல்லிமலையில் இது எழுபது முறை நிகழும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இன்டர்செப்டரில் நீண்ட, தட்டையான ஒற்றை இருக்கை. மெத்தை கொஞ்சம் கெட்டி என்றாலும், இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கி நடக்க முடிகிறது. ஷோரூமில் இருவரும் ஏறி உட்கார்ந்து பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கியர் பெட்டி:
இருக்கை பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 218 கிலோ வண்டியில் பின்னால் ஒருவரையும் ஏற்றிக்கொண்டு, ஏற்றமான வளைவின் நடுவில், எதிரே லாரி வந்ததால் நின்றுவிட நேர்ந்தால், ஒரு காலை ஊன்றி அதைத் தாங்குவது யார்? வளைவின் உட்பக்கம் தரை தாழ்ந்திருக்கும். கால் எட்டுவதற்குள் வண்டி சாய்ந்துவிடும். வண்டியைக் கீழே போடுபவர்களில் பலர் வேகத்தில் போடுவதில்லை, இப்படி நின்ற இடத்தில்தான் போடுகிறார்கள்.

சேலத்துச் சாலை:
என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் என்பதால் கடைசியாகச் சொன்ன காட்சி கவலை தருகிறது. ஆனாலும் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டியபோது, பின் இருக்கை பற்றிய பதிவோடு அவர் முடிவெடுத்துவிட்டார். இரண்டு வண்டிகளையும் ஏற்காடு அடிவாரம் வரை ஓட்டிப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.

இரட்டைச் சிலிண்டர்:
இரண்டாம் கியரில் 2,500 ஆர்பிஎம்முக்கு இறக்கி, கிளட்சைத் தொடாமல் மனைவியுடன் ஏற்றிப் பாருங்கள். அதற்குமேல் நான் வாதாட மாட்டேன்.

கியர் பெட்டி:
அதே சரிவில் இருவரும் உட்கார்ந்தபடியே வண்டியை நிறுத்தி, வலப்பக்கமாக முழுதாகத் திருப்பியும் பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டடி பின்னுக்குத் தள்ளிவிட்டு அதைச் செய்தால் இன்னும் நல்லது.