மெட்டு அவர்களுடையது, வரிகள் எங்களுடையவை: அனுமதியை யாரிடம் கேட்பது?

வாசகசாலைப் பொறுப்பாளர், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகசாலையின் கலைக்குழுவினர் சென்ற ஓணத்தின்போது, 1980-களில் வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்பாடலின் மெட்டில் கால்வாய்த் தண்ணீரைப் பற்றிப் புதிய வரிகள் எழுதி மேடையில் பாடினோம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வந்து சேர வேண்டும். ஆனால் கடைமடைக்காரர்களான நாங்கள் கோடையில் தென்னைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுகிறோம். காதலி வருவாளா என்று ஏங்கும் பாட்டு, மூலத்தறை மதகு திறக்குமா என்று ஏங்கும் பாட்டாக மாறியபோது, வடகரைப்பதியிலிருந்தும் எருத்தேன்பதியிலிருந்தும் வந்திருந்த விவசாயிகள் மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னார்கள்.

அந்தப் பாடலை யூடியூபில் ஏற்றினோம். இரண்டே நாளில் உரிமைக் கோரிக்கை வந்து காணொளி முடங்கியது. இந்த ஆண்டு முறையாக ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறோம். ஓணத்துக்கு ஓணம் பாரடி (நையாண்டிப் பாட்டு) கேசட் வந்த நாட்டில் அனுமதி எதற்கு என்று குழுவின் மூத்தவர்கள் கேட்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இசையமைப்பாளரிடம் கேட்பதா, பாடலாசிரியரின் குடும்பத்தாரிடம் கேட்பதா, கேசட் வெளியிட்ட நிறுவனத்திடம் கேட்பதா? மறுமொழியே வராவிட்டால் என்ன செய்வது? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வாளையாறு வாசகர்

கேரளத்தில் இருப்பவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. மலையாள நாடகாசிரியர் தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்தை எதிர்த்து, அதே பாத்திரங்களைக் கொண்டே சிவிக் சந்திரன் ஓர் எதிர்நாடகம் எழுதினார். பாசியின் மனைவி தொடுத்த வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 1996-இல் சிவிக் சந்திரன் பக்கமே நின்றது. நாடகத்துக்குப் பொருந்துவது பாட்டுக்கும் பொருந்தும் அல்லவா?

பாலக்காட்டு வழக்கறிஞர்

மேலே சொன்ன வழக்கு உண்மைதான், ஆனால் அதை இங்கே பொருத்துவதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. மூலத்திலிருந்து எவ்வளவு எடுத்தார், எந்த நோக்கத்துக்காக எடுத்தார், அது மூலத்தின் சந்தையைக் கெடுக்குமா என்ற மூன்றையும் நீதிமன்றம் எடைபோட்டது. எதிர்நாடகம் விமர்சித்தது அந்த மூல நாடகத்தையே. அதன் பாத்திரங்களைத் தொடாமல் அந்த விமர்சனத்தைச் செய்திருக்கவே முடியாது. உங்கள் பாட்டு அப்படியல்ல. அது நீர் நிர்வாகத்தை விமர்சிக்கிறது. மூலப் பாடலைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதன் மெட்டில் ஏறி வருகிறது, அவ்வளவே. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. பிரிட்டன் 2014-இல் செய்ததைப் போல நையாண்டிக்கென்று தனி விலக்கு எதையும் நம் சட்டம் தரவில்லை. ஆகவே அனுமதி கேட்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

மேடைக்கும் யூடியூபுக்கும் உள்ள வேறுபாட்டையும் கவனியுங்கள். கட்டணம் வாங்காத கூட்டத்தின் முன் ஒரு தொழில்முறை சாராத மன்றம் ஒரு படைப்பை நிகழ்த்துவதற்கு அதே 52-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வரிகளை மாற்றும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது எப்படியும் அந்த விலக்குக்குள் அடங்காது. பலர் 31சி பிரிவைக் காட்டி, ஐந்தாண்டு கடந்த பாடலைக் கட்டணம் செலுத்தி யாரும் மறுபதிவு செய்யலாம் என்கிறார்கள். அந்தப் பிரிவு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 படிகளுக்கான உரிமத்தொகையை முன்கூட்டியே கேட்கிறது என்பது ஒருபுறம் இருக்க, உரிமையாளரின் இசைவின்றி வரியையோ இசையையோ மாற்றக் கூடாது என்றும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வரியை மாற்றும் உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

யாரைக் கேட்பது என்றால், ஒரு திரைப்பாடலில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று சொத்துகள் இருக்கின்றன, மூன்றுக்கும் உரிமையாளர்கள் வேறு வேறாக இருக்கலாம். 1991-இல் வந்த ஒரு படத்தின் பாடலை மலையாளப் படமொன்றில் பயன்படுத்தியதற்காக 2024-இல் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனபோது, இசை நிறுவனங்களிடம் உரிமை பெற்றிருந்தோம் என்று தயாரிப்பாளர்கள் பதில் கூறியதை நினைத்துப் பாருங்கள். பெரிய படக்குழுவுக்கே யாரிடம் கேட்பது என்பது தகராறாகிறது என்றால், வாசகசாலைக்கு அது எளிதாக இருக்காது. மெட்டுக்கும் வரிக்கும் உரியவரைத் தேட, பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமத்தொகை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிலிருந்து தொடங்குங்கள். ஆனால் வரியை மாற்றுவதற்கான இசைவை உரிமையாளரே தர வேண்டும். உரிமை விற்றுப்போயிருந்தாலும், தன் படைப்பைத் தன் மதிப்புக்குக் குந்தகம் வரும்படி சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமை 57-ஆம் பிரிவின்படி படைத்தவரிடமே நிற்கிறது. எனவே நிறுவனத்தின் கடிதம் மட்டும் கையில் இருந்தால் நான் நிம்மதியடைய மாட்டேன்.

ஆர்மோனியக்காரர், சித்தூர்

அம்மா, நான் சட்டம் படித்தவன் அல்லன், பட்டு அறிந்தவன். முதல் முறை நாங்கள் கடையில் வாங்கிய கரோக்கி ட்ராக்கின் மேல் பாடி ஏற்றினோம். படத்தின் நிறுவனம் கேட்கும் என்று பயந்துகொண்டிருக்க, அந்த ட்ராக்கைச் செய்தவர்தான் முதலில் ஸ்ட்ரைக் (பதிப்புரிமை மீறலுக்கான யூடியூபின் எச்சரிக்கை) கொடுத்தார். 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும் என்பதால் இரவெல்லாம் உறங்கவில்லை. உங்களுக்கு வந்திருப்பது வெறும் உரிமைக் கோரிக்கையானால் அது ஸ்ட்ரைக் ஆகாது. அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை ஆர்மோனியம், தபேலா, நாதஸ்வரம் என்று சொந்த வாத்தியங்களை வைத்துப் பதிவு செய்யுங்கள், ஒலிப்பதிவின் உரிமை என்ற ஒரு முடிச்சாவது அவிழும்.

இரண்டாம் முறை கடிதம் எழுதினோம். "உங்கள் பாடலைப் பயன்படுத்திக்கொள்ளலாமா" என்று நான்கு வரியில் எழுதிய முதல் கடிதத்துக்கு மறுமொழியே இல்லை. அடுத்த கடிதத்தில் மாற்று வரிகளை முழுமையாக எழுதி, எதற்காக, எங்கே, எத்தனை நாள், விளம்பர வருமானம் உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் சொல்லி, நாங்களே பாடிய செல்போன் பதிவையும் இணைத்து அனுப்பினோம். மூன்றாம் மாதம் பதில் வந்தது. ஒரே காணொளி, ஓராண்டு, விளம்பரம் கூடாது, மூலக் கலைஞர்களின் பெயர்கள் முதலில் வர வேண்டும் என்றார்கள். பாடலாசிரியரின் மகனைத் தனியே பார்த்தபோது அவர் எங்கள் வரிகளைப் படித்துவிட்டு, அப்பா எழுதிய ஒரே ஒரு சொல்லைப் பல்லவியில் அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். விட்டுவைத்தோம். பாட்டே அதனால் அழகானது. வேறொரு பாடலுக்கு "முடியாது" என்று பதில் வந்தது, அந்த வரிகள் இன்னும் என் நோட்டில் கிடக்கின்றன. மறுமொழி வராததை இசைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலந்தாவளத்து ஆசிரியை

அமெரிக்காவில் நையாண்டிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மூலப் பாடலையே கிண்டல் செய்யும் நையாண்டி, வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டாலும் நியாயமான பயன்பாடாக அமையலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. அப்படியிருந்தும், நாற்பதாண்டுக்கு மேலாக நையாண்டிப் பாட்டையே தொழிலாகக் கொண்ட 'வியர்ட் அல்' யாங்கோவிக் ஒவ்வொரு பாட்டுக்கும் மூலக் கலைஞரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியிடுகிறார். மைக்கேல் ஜாக்சன் இரண்டு பாடல்களுக்கு மகிழ்ச்சியோடு இசைந்தார். பிரின்ஸ் கடைசி வரை இசையவில்லை. பால் மெக்கார்ட்னியோ, தாம் புலால் உண்ணாதவர் என்பதால் கோழிக்கறியைப் பற்றிய வரிகள் வேண்டாம் என்றார். மறுப்பு வந்த பாடல்களை யாங்கோவிக் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. 1996-இல் ராப் பாடகர் கூலியோ விஷயத்தில், நிறுவனம் சரி என்றது, கலைஞரோ நான் இசையவில்லை என்றார். அதற்குப் பிறகு யாங்கோவிக் கலைஞரையே நேரடியாக அணுகினார். வழக்கறிஞர் ஐயா சொல்லும் 57-ஆம் பிரிவின் கவலையும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இது நமக்கும் புதிதல்ல. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் "இன்ன பாட்டின் வர்ணமெட்டு" என்று அச்சிட்டிருப்பார்கள். கோபாலகிருஷ்ண பாரதியின் "ஓய் நந்தனாரே" என்ற கீர்த்தனையின் மெட்டில் சுப்பிரமணிய பாரதி "ஓய் திலகரே" என்று பாடினார். எவருடைய மெட்டு என்பதை அந்தப் பாட்டு ஒளிக்கவே இல்லை.

மறுமொழிக்காகக் காத்திருக்கும் மாதங்களில் உங்கள் வரிகளை ஒரு காவடிச்சிந்து மெட்டிலோ, நம் பாலக்காட்டு நாட்டுப்புறக் கலையான பொறாட்டு நாடக மெட்டிலோ பாடிப் பார்க்கலாமே. படைத்தவர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் உரிமை முடிகிறது. காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனால் திரைப்பாடலில் இந்தக் கணக்கை இரண்டு முறை போட வேண்டும். பட்டுக்கோட்டையார் 1959-இல் மறைந்தார், ஆகவே அவருடைய வரிகளின் காலம் முடிந்துவிட்டது. அவற்றுக்கு மெட்டமைத்தவர்களுள் எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்ததோ 2015-இல்தான்.

வாசகசாலைப் பொறுப்பாளர், கொழிஞ்சாம்பாறை

எல்லோருக்கும் நன்றி. எங்களுக்கு வந்தது கோரிக்கைதான், ஸ்ட்ரைக் அல்ல என்று பார்த்து உறுதி செய்துகொண்டேன். நேற்றைய கூட்டத்தில் மூன்று கடிதங்கள் எழுத முடிவாயிற்று. மாற்று வரிகளை முழுமையாக இணைக்கிறோம். அண்ணன் சொன்னதைக் கேட்டபின், மூலப் பாடலாசிரியரின் பல்லவிச் சொல் ஒன்றை நாங்களாகவே திரும்பச் சேர்த்திருக்கிறோம். ஓணத்துக்குள் பதில் வராவிட்டால் பொறாட்டு மெட்டில் பாடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். மூத்தவர் ஒருவருக்கு அந்த மெட்டுகள் நினைவிருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை வந்து பாடிக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.