இசக்கியம்மனுக்குப் பக்கத்தில் செக்மெட்டை வைக்கலாமா?

தக்கலைக்காரி:
அம்மா வழியில் எங்களுக்குக் குடும்பக் கோயில் இசக்கியம்மன். ரெண்டு வருஷமாக எகிப்தின் சிங்கத்தலை தேவி செக்மெட் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. திருவனந்தபுரத்தில் சின்னச் சிலை ஒன்று கிடைத்தது, சாமி அலமாரியில் வைத்தேன், அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பூனைத்தல பொம்மைக்கு என்னத்துக்குட்டி வெளக்கு?" இதில் நைஜீரியாவின் யொருபா மக்களின் ஆற்றுத் தேவி ஓஷுனையும் சேர்த்துக் கும்பிடலாம் என்று வேறு ஆசை. என்ன படைப்பது, எப்படிக் கும்பிடுவது? கேலி மட்டும் வேண்டாம்.

ஆத்தோரம்_குழித்துறை:
தங்கச்சி, நீ மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1988லேயே கெமெட்டிக் ஆர்த்தடாக்ஸி என்று எகிப்திய வழிபாட்டுக்கு ஒரு அமைப்பு தொடங்கிவிட்டார்கள், நெவாடா பாலைவனத்தில் 1993 முதல் செக்மெட்டுக்குக் கோயிலே இருக்கிறது. ஆனால் எகிப்தில் பரம்பரை அறுந்துபோனது. எகிப்தின் கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு ஃபிலே கோயிலில் கி.பி. 394இல் வெட்டியது, ஆறாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் அந்தக் கோயிலையும் மூடிவிட்டார். இன்று செய்வதெல்லாம் பழைய எழுத்துகளைப் படித்து மறுபடி கட்டி எழுப்பியது, அதனால் "இதுதான் முறை" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதே. முறை நமக்கு அந்நியமும் இல்லை. காலையில் பூசாரி குளித்துவிட்டு வந்து நடை திறந்து, சிலைக்குத் துணி மாற்றி, தூபம் காட்டி, ரொட்டியும் பியரும் படைப்பார். சாமி ஏற்றுக்கொண்ட பிறகு பூசாரிமார் அதையே எடுத்துச் சாப்பிடுவார்கள், நம் ஊர் படப்புச் சோறு மாதிரி. மனிதர்களை அழிக்கச் சூரியக் கடவுள் ரா அனுப்பிய செக்மெட் நிறுத்தாமல் கொன்றுகொண்டே போனாள், 7,000 ஜாடி பியரில் செங்காவி கலந்து வயலில் ஊற்ற, ரத்தம் என்று குடித்து மயங்கினாள், அப்புறம்தான் உலகம் பிழைத்தது. நோயை அனுப்புகிறவளும் அவள்தான், தீர்க்கிறவளும் அவள்தான். இதைக் கேட்டதும் நமக்கு அம்மன் ஞாபகம் வரும். வரட்டும், ஆனால் ரெண்டு பேரையும் ஒன்றாக்கிவிடாதே. தனித் தட்டு, தனி விளக்கு. நான் பியருக்குப் பதில் செம்பருத்தி ஊறவைத்த சிவப்புத் தண்ணீர் வைக்கிறேன்.

செங்கோட்டைவாசி:
சொந்த ஊர் சாமிக்குக் கொடை வரி கேட்டால் ஓடுகிறவர்கள் எகிப்து வரை போகிறீர்கள். கேலி இல்லை, பொறாமை. எகிப்தின் பழைய பெரனிகே துறைமுகத்தில் செராபிஸ் சாமியின் கோயில் முற்றத்தைத் தோண்டியபோது இந்திய ஜாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்ததாம். படையலில் நாலு மிளகு போடுங்கள், அவர்களுக்குப் பழகிய வாசனைதான்.

அண்டியாபீஸ்_பழையஆள்:
கொல்லத்து முதலாளிக்கு முந்திரிக்கொட்டை வாங்க நைஜீரியாவில் 4 வருஷம் இருந்தேன். ஓஷுன் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே மக்கா. செக்மெட்டைப் பற்றிக் கேட்க ஆள் இல்லை, ஓஷுனுக்கு இருக்கிறார்கள். ஓசோக்போ ஊரில் ஆற்றோரம் அவளுடைய காவு, அதாவது சாமிக்காடு, இருக்கிறது, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஆகஸ்டில் திருவிழா, கூட்டம் அலைமோதும். அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் அங்கேயும் அவளை விடவில்லை, தாமிரச் சுரங்க ஊரான கோப்ரேயின் மாதாவுக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். தீட்சை, குறி கேட்பது எல்லாம் இன்றும் ஆள் வழியாகத்தான். நம் சாமியாடியிடம் கேட்காமல் வெளியூர்க்காரன் ஒருத்தன் படம் பார்த்துக் கொடை நடத்தினால் உனக்கு எப்படி இருக்கும்? மரியாதையாக நினைத்துக்கொள், கதை படி, ஆற்றில் குப்பை போடாதே. பீடம் வைப்பதை அந்த வழியில் வந்த ஒருவரிடம் கேட்ட பிறகு பார்க்கலாம்.

தக்கலைக்காரி:
நன்றி அண்ணன்மாரே. ஓஷுனை இப்போதைக்கு விட்டுவிட்டேன். செக்மெட்டை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னலோரம் தனி ஸ்டூலில் வைத்திருக்கிறேன். பியர் கதையை அம்மாவிடம் சொன்னேன். "நம்ம சுடலைக்கு வைக்காததா?" என்று கேட்டுவிட்டு, செம்பருத்தித் தண்ணீரை மோந்து பார்த்து, இது ஏமாத்து வேல, கள்ளு வை என்கிறாள். அதுக்கு எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்கு அல்லவா போக வேண்டும்!