வாங்குவது அப்பா, தேர்ந்தெடுப்பது பாப்பா

குழு: எல்லாரும் இங்கே

சனிக்கிழமை

அண்ணன் (காலை 7:10): [படம்]

அண்ணன் (7:11): இதைப் பாருங்கள். நேற்று மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் நடுவில் என் கணக்கிலிருந்து 17 தடவை பணம் போயிருக்கிறது. வங்கிக்குப் போன் போட்டேன். திருட்டு இல்லையாம். என் போனிலிருந்தே, என் கார்டிலேயே போயிருக்கிறது.

நான் (7:14): எவனோ அனுப்பிய லிங்க்கைத் தட்டிவிட்டாயா அண்ணா?

அண்ணன் (7:15): திருடன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறான். இருக்கிறாள். வயது 11. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறாள்.

அண்ணி (7:19): திருட்டு அது இது என்றெல்லாம் எழுத வேண்டாம். விளையாட்டில் ரத்தினக்கல் வாங்கியிருக்கிறாள். "நான் காசே செலவழிக்கவில்லை, கல்லைத்தான் செலவழித்தேன்" என்கிறாள். பொய் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது இல்லை இது.

பெரியம்மா (7:31): பிஞ்சிலே பழுத்துவிட்டது. அந்த வயதில் எங்களுக்குக் கடையில் மீதிச் சில்லறை வாங்கி எண்ணக்கூடத் தெரியாது.

பெரியம்மா (7:32): எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. தப்பு இருந்தால் சொல்லாதீர்கள்.

அக்கா (7:40): எத்தனை கல்?

அண்ணன் (7:41): அது முக்கியமா இப்போது?

அக்கா (7:41): என் பையன் கேட்கச் சொன்னான்.

மாமா (8:05): மருமகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அந்தக் கல் எதற்கு? நேரே பணத்தையே வாங்கிக்கொள்ளலாமே? சூதாட்டக் கூடத்தில் ஏன் பணத்தை வாங்கிக்கொண்டு வண்ண வில்லையைக் கையில் கொடுக்கிறார்கள்? அதே காரணம்தான். நோட்டைக் கீழே வைக்கக் கை தயங்கும், வில்லையைத் தள்ளத் தயங்காது. இன்னொன்றும் உண்டு. கல் 100 என்ற கட்டாகத்தான் கிடைக்கும். பொம்மைக்கு மாட்டும் உடை 120 கல். ஆக இரண்டு கட்டு வாங்க வேண்டும். மிச்சம் 80. அடுத்த உடை 150. மிச்சத்தை வைத்து ஒன்றும் வாங்க முடியாது, விட்டுவிடவும் மனசு வராது. 17 தடவை எப்படி ஆகும் என்றால், இப்படித்தான். இந்த விளையாட்டைச் செய்தவனுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் (8:09): அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கணக்கில் இன்னும் 40 கல் மிச்சம் இருக்கிறதாம். மாமா, நீங்கள் மந்திரவாதி.

மாமா (8:10): முப்பது வருடம் விளம்பரத்தில் இருந்த பாவம்.

நான் (8:30): தேடிப் பார்த்தேன். பாப்பா விளையாடுவது இது அல்ல, ஆனால் கதை இப்படித்தான். ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வணிக ஆணையத்திடம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, பணம் போனவர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பெற்றோரின் கார்டைச் சேமித்து வைத்து, கேட்காமலே பிள்ளைகளை வாங்கவிட்டார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. ஒரே ஒரு பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலே ஏதாவது வாங்கிவிடுகிற மாதிரி பொத்தான்களைக் குழப்பமாக வைத்தார்கள் என்பது இன்னொன்று. பணம் பிடித்தது தப்பு என்று வங்கியிடம் புகார் செய்தவர்களின் கணக்கையே முடக்கினார்களாம்.

அண்ணன் (8:33): அப்படியானால் எனக்கும் திருப்பித் தருவார்கள். இன்றே எழுதுகிறேன்.

அண்ணி (8:34): எழுதுங்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

அண்ணி (8:34): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான் (8:35): படித்துவிட்டேன் அண்ணி.

அண்ணி (8:37): சரி, மறைத்து என்ன ஆகப் போகிறது. அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது நான்தான். பிறந்த வருடம் கேட்டது. உண்மையைப் போட்டால் உள்ளே விடவில்லை. நேரமாகிவிட்டது, அவள் அழுகிறாள், 1987 என்று போட்டுவிட்டேன்.

அக்கா (8:38): ஆக, கணக்குப்படி பாப்பா உனக்கு அக்கா.

அண்ணி (8:38): இரண்டு வயது மூத்தவள்.

நான் (8:44): 13 வயது ஆனால்தான் உள்ளே விடுவோம் என்கிற இந்த எல்லையே வேடிக்கைதான். 13 ஆனால் பக்குவம் வந்துவிடும் என்று யாரோ டாக்டர் சொன்னதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1998ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம், 13க்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்றது. சம்மதம் வாங்குவது தொல்லை. அதனால் "13க்குக் கீழ் வராதே" என்று எல்லாரும் பலகை மாட்டிவிட்டார்கள். யூடியூப்பும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 2019ல் கூகுளும் யூடியூப்பும் 17 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்பதை விளம்பரம் கொடுப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள், சட்டம் என்று வரும்போது மட்டும் பிள்ளைகளுக்கான பகுதியே இல்லை என்கிற மாதிரி இருந்திருக்கிறார்கள்.

பெரியம்மா (9:20): சட்டம் கிடக்கட்டும். அவள் பேச்சைக் கேட்டீர்களா? போன வாரம் என்னிடம் "பாட்டி, உங்கள் தோலுக்கு சீரம் போட வேண்டும்" என்கிறாள். அந்த வயதில் தோலைப் பற்றி என்ன பேச்சு? உடம்பும் அப்படி வளர்ந்திருக்கிறது. எல்லாம் அந்த போனைப் பார்த்துப் பார்த்துத்தான்.

சித்தி (10:02): இப்போதுதான் டியூட்டி முடிந்தது. அக்கா, "பழுத்துவிட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். உடம்பு ஒரு கதை, புத்தி வேறு கதை. உடம்பு முன்னைவிடச் சீக்கிரம் வளர்கிறது, உண்மைதான். 1997ல் மார்சியா ஹெர்மன்-கிடென்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் 17,000க்கும் மேற்பட்ட சிறுமிகளின் விவரங்களை வெளியிட்டார். பாடப்புத்தகம் சொன்ன வயதுக்கு முன்பே மார்பு வளர்ச்சி தொடங்கியிருந்தது. 2020ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், 1977க்கும் 2013க்கும் இடையில் அந்தத் தொடக்கம் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 3 மாதம் வீதம் முன்னால் வந்திருக்கிறது. முதல் மாதவிலக்கு அந்த அளவுக்கு முன்னால் வரவில்லை. அதாவது குழந்தையும் இல்லாமல் பெரியவளும் இல்லாமல் நடுவில் நிற்கிற காலம்தான் நீண்டுகொண்டே போகிறது.

சித்தி (10:06): போன் பார்த்து யாரும் வளர்வதில்லை. உடல் எடை கூடுவது ஒரு முக்கியக் காரணம். கொழுப்பில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் மூளைக்கு "தயார்" என்று சேதி அனுப்புவதில் ஒன்று. ஹார்மோனைப் போல நடிக்கும் சில ரசாயனங்களும் சந்தேகப் பட்டியலில் உள்ளன. பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன், ஆண் பிள்ளைக்கு 9க்கு முன் மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பாப்பாவுக்கு 11. அவளுக்கு ஒன்றும் அவசரம் இல்லை, நாம்தான் அவசரப்படுகிறோம்.

சித்தி (10:11): நேற்று வார்டில் 9 வயதுப் பெண். என் தோள் உயரம் இருக்கிறாள். கூட வந்தவர்கள், புதிதாக வந்த டாக்டர், எல்லாரும் அவளிடம் பெரிய பெண்ணிடம் பேசுவது போலவே பேசினார்கள். அவளும் கால் மேல் கால் போட்டு அழகாகப் பதில் சொன்னாள். ஊசி வந்ததும் என் சட்டைப் பையில் இருந்த பேனாவை எட்டிப் பிடித்துக்கொண்டாள். முடியும் வரை விடவில்லை. மூடி இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது.

அக்கா (10:15): படிக்கும்போது என்னவோ போல இருக்கிறது சித்தி.

சித்தி (10:18): உயரத்தைப் பார்த்து வயதை முடிவு செய்கிறோம். "கொஞ்சம் பொறு" என்று சொல்லிக் கொடுக்கும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுதாக முதிர இருபதுகளின் நடு ஆகிவிடும். அதை யாரும் பத்து வருடத்துக்கு 3 மாதம் என்று முன்னால் தள்ளவில்லை.

அக்கா (10:25): கார் வாங்கப் போன கதையைச் சொன்னேனா? விற்பனையாள் ஐந்து நிமிடம் எங்களிடம் பேசினார். அப்புறம் குனிந்து பையனிடம் "தம்பி, எந்த நிறம்? பின்சீட்டுத் திரை வேண்டுமா?" என்று ஆரம்பித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பையனுக்கு 10 வயது. சிவப்பு என்றான். வாசலில் சிவப்பு நிற்கிறது.

மாமா (10:40): அந்த ஆள் தொழில் தெரிந்தவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்நீல் என்று மார்க்கெட்டிங் பேராசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளையை ஒரு வாடிக்கையாளராக எண்ணாதே, மூன்றாக எண்ணு என்பார். தன் கைக்காசைச் செலவழிப்பவன் ஒருவன். அப்பா அம்மா செலவைத் திருப்பிவிடுபவன் இரண்டாமவன். நாளைக்குப் பெரியவனாகி நம்மிடமே வரப்போகிறவன் மூன்றாமவன். கைக்காசு சின்னது, நடுவில் இருப்பதுதான் பெரிய பணம். நாங்கள் ஒரு பற்பசைக்கு விளம்பரம் செய்தோம். பாட்டை அம்மாக்களுக்குப் போட்டுக் காட்டவே இல்லை, பிள்ளைகளுக்குத்தான் போட்டோம். இரண்டாம் தடவை கேட்டுவிட்டு மூன்றாம் தடவை கூடவே பாடினால் பாஸ். கடையில் அட்டையை ஒட்டும்போது முட்டி போட்டு உட்கார்ந்து பார்ப்போம், ஏழு வயதின் கண் எங்கே நிற்கிறது என்று. அன்றைக்கு அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தோம்.

நான் (10:44): இப்போது?

மாமா (10:52): இப்போதும் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அப்போது விளம்பரம் வந்தால் விளம்பரம் என்று தெரியும். நிகழ்ச்சி நிற்கும், பாட்டு மாறும். 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அதுகூடப் புரியாது, நம்மை வாங்க வைக்கத்தான் இது என்பது அவர்களுக்குப் பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004லேயே சொன்னது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்ய 1980லிருந்தே தடை. ஸ்வீடனில் 12க்குக் கீழ் உள்ளவர்களுக்கு டிவி விளம்பரம் 1991லிருந்து கிடையாது. அதெல்லாம் டிவி காலத்துப் பூட்டு. இப்போது ஒரு 12 வயதுப் பெண் தன் அறையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக் காட்டுகிறாள். அது விளம்பரமா, தோழியா? பாப்பாவுக்கு அவள் தோழி. அந்தப் பெண்ணுக்குப் பாப்பா யார் என்றே தெரியாது.

அண்ணி (11:05): அந்தத் தோழி சொல்லித்தான் ரெட்டினால் கிரீம். என்னிடம் "முகத்துக்கு ஈரப்பதம்" என்று சொன்னாள், நானும் வாங்கிக் கொடுத்தேன். நாலாம் நாள் கன்னம் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்து, தொட்டால் எரிகிறது என்று அழுகை. டப்பாவை அப்போதுதான் படித்தேன். சுருக்கத்தைக் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. சுருக்கமே இல்லாத முகம்.

சித்தி (11:09): ஸ்வீடனில் ஒரு பெரிய மருந்துக்கடைக் குழுமம் 2024ல் இந்த மாதிரி கிரீம்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்த அளவுக்குப் பிள்ளைகள் வாங்க வந்திருக்கிறார்கள். பாப்பா முகத்துக்கு இப்போது வேறு ஒன்றும் போட வேண்டாம், மிதமான சோப்பும் வெயில் கிரீமும் போதும்.

பெரியம்மா (11:30): அப்போ எனக்கும் சீரம் வேண்டாமா?

சித்தி (11:31): உங்களுக்கு வேண்டுமானால் போடலாம் அக்கா. அது உங்கள் வயதுக்குச் செய்ததுதான்.

அண்ணன் (பகல் 1:15): அத்தை, பெரிய பாட்டி, எல்லாருக்கும் வணக்கம். நான் பாப்பா. அப்பா போனிலிருந்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.

அண்ணன் (1:18): அது காசு என்று எனக்குத் தெரியும். எவ்வளவு காசு என்றுதான் தெரியாது. கல்லில்தான் போட்டிருந்தது. கிரீம் விஷயத்தில் அம்மாவிடம் பொய் சொன்னேன், அது தப்பு. ஆனால் ஒரு கேள்வி. வாஷிங் மெஷின் வாங்கும்போது எது நல்லது என்று என்னைத்தானே கேட்டீர்கள்? அத்தை போன் வாங்கும்போதும் நான்தான் ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னேன். அப்போது மட்டும் "நம்ம பாப்பாவுக்கு எல்லாம் தெரியும்" என்றீர்கள். தெரியுமா தெரியாதா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

அக்கா (1:20): வாய்!

நான் (1:21): போன் நன்றாகத்தான் இருக்கிறது.

அண்ணன் (1:40): போனைப் பிடுங்கிவிட்டேன். இனி அதற்குப் புது கடவுச்சொல்.

அண்ணி (1:41): புதுக் கடவுச்சொல்லை மாற்றத் தெரியாமல் அவளையே கூப்பிட்டுக் கேட்டார். பதிவு செய்துகொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை

அண்ணன் (மாலை 5:50): அந்த விளையாட்டுக்காரர்களிடமிருந்து பதில் வந்துவிட்டது. "கணக்கு வைத்திருப்பவர் வயது வந்தவர் என்பதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது."

அக்கா (5:52): 1987.

அண்ணி (5:53): தெரிகிறது, தெரிகிறது.

மாமா (6:04): விடாதே. 11 வயதுப் பிள்ளை என்பதற்குச் சான்று வைத்து மறுபடி எழுது. பிறந்த வருடத்தைத் தப்பாகப் போட்டது நாங்கள்தான் என்று ஒளிக்காமல் சொல். 17 தடவையும் ஒரு தடவைகூடக் கடவுச்சொல் கேட்கவில்லை என்பதை முதல் வரியிலேயே வை.

அண்ணன் (இரவு 8:20): நான் எழுதி வைத்திருந்தேன். பாப்பா வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, இதில் கோபம் மட்டும்தான் இருக்கிறது, ஆர்டர் எண் இல்லை" என்றாள். 17 எண்ணையும் நேரத்தோடு வரிசையாகப் போட்டு, திரைப் படங்களை இணைத்து அவளே அனுப்பிவிட்டாள். கடைசியில் "எனக்கு 11 வயது, கல் 40 மிச்சம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி.

சித்தி (8:31): அந்தக் கடைசி வரி மட்டும் 11 வயது.

பெரியம்மா (8:45): எழுத்து பெரிதாகத் தெரிகிற போன் எது என்று அவளைக் கேட்டுச் சொல்லுங்கள். சத்தமும் நன்றாக இருக்க வேண்டும். நான் கேட்டேன் என்று சொல்ல வேண்டாம்.