அட்டையில் ஜெனிவா சக்கரம்: பள்ளம் நையாமல் இருக்க என்ன செய்யலாம்?

வணக்கம். பெரம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக, அட்டையும் பசையும் மட்டும் கொண்டு இயங்கும் ஒரு பொம்மையை வடிவமைத்து வருகிறேன். கைப்பிடியைச் சுற்றினால் நான்கு படங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்க வேண்டும். அதற்காகப் படச்சக்கரமாக, நான்கு பள்ளம் உள்ள ஜெனிவா சக்கரம் (தொடர்ந்து சுற்றாமல் விட்டுவிட்டு நகரும் சக்கரம்) வைத்திருக்கிறேன். கைப்பிடியோடு சுற்றும் ஒரு முளை பள்ளத்தில் நுழைந்து அதைத் தள்ளும். கைப்பிடி ஒரு முழுச் சுற்று போனால் படச்சக்கரம் 90 பாகை மட்டும் நகர்ந்து நிற்கும். கைப்பிடி, சக்கரம் இரண்டின் மையங்களுக்கு இடையே 50 மி.மீ., முளை சுற்றும் வட்டத்தின் ஆரம் 35.4 மி.மீ. கணக்கு சரிதான், முதலில் அழகாக ஓடுகிறது.

அப்புறம் நம்ம ஊர் ஈரக்காற்றில் அட்டை ஊறிவிடுகிறது. முளை நுழையும் இடத்தில் பள்ளத்தின் வாய் நைந்து சக்கரம் சிக்கிக்கொள்கிறது. இழை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி மூன்று அடுக்கு ஒட்டியதில் அட்டை வளைவது குறைந்தது, வாய் நைவது நிற்கவில்லை.

ஓரத்தில் மெழுகு தேய்ப்பதா, வார்னிஷ் பூசுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பிள்ளைகள் தாங்களே கத்தரித்துச் செய்ய வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 1 மி.மீ. கெட்டி அட்டையைச் சில்லறையாகத் தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.