படகுல சாட்டிலைட் இன்டர்நெட் வச்சா விடியுறதுக்குள்ள பேட்டரி காலியாம்!

பாலம்62:
நேத்து லண்டன் தமிழர் வாட்ஸ்அப் குழு ஒண்ணுல ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "கால்வாய்ப் படகில் குடியிருப்பவர்கள் சாட்டிலைட் இன்டர்நெட் பக்கமே போகாதீர்கள். டிஷ் 75 வாட் இழுக்கும். விடிவதற்குள் பேட்டரி காலி." அதுக்குக் கீழ வரிசையா கட்டைவிரல். போட்டவங்கள்ல எத்தனை பேர் படகுல காலை வச்சிருப்பாங்கன்னு கேட்டா கோவம் வரும்.

நான் மூணு வருஷமா 57 அடி நேரோபோட்லதான் (கால்வாய்ல போற குறுகலான நீளப் படகு) குடியிருக்கேன். கிராண்ட் யூனியன் கால்வாய்ல பிரென்ட்ஃபோர்டுக்கும் பிரான்ஸ்டனுக்கும் நடுவுல போறதும் வர்றதுமா இருக்கேன். நிரந்தரமா கட்டி நிறுத்த இடம் கிடையாது. 14 நாளைக்கு மேல ஒரே இடத்துல நிக்கக் கூடாது, லைசென்ஸ் விதி அப்படி. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊர் மாறுறவனுக்கு எந்தக் கம்பெனிக்காரன் கேபிள் இழுப்பான்? கூரை மேல ஸ்டார்லிங்க் மினின்னு ஒரு சின்ன சாட்டிலைட் டிஷ் வச்சிருக்கேன். தினமும் எட்டு மணி நேரம் ஆபீஸ் வேலை, வீடியோ கால் எல்லாம் அதுலதான். இழுக்கிறது 30 வாட். எழுத்தாலயும் சொல்றேன், முப்பது. 75 இல்ல.

பழைய_ஃபியூஸ்:
தம்பி, அந்த ஒருத்தர் நான்தான். ஒளிச்சு நிண்டு கல்லெறியாமல் பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம்.

75 எண்டது என்ரை கற்பனை இல்லை. கம்பனிக்காரனே 75 முதல் 100 வாற் எண்டு போட்டிருக்கிறான். கணக்குப் பாரும். 75ஐ 24 மணித்தியாலத்தாலை பெருக்கினால் 1800. அதை 12 வோல்ற்றாலை பிரிச்சால் 150 ஆம்பியர் மணி, பற்றரிக் கொள்ளளவை அதிலைதான் அளக்கிறது. 110 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியிலை பாதிக்கு மேலை உறிஞ்சினால் பற்றரி நாசம், ஆக 55தான் கைக்கு வரும். மூண்டு பற்றரி டிஷ்சுக்கு மட்டும் போகுது. பிரிட்ஜுக்கும் தண்ணிப் பம்புக்கும் உம்மடை மாமனார் வந்து சைக்கிள் மிதிப்பாரோ?

30 வாற் எண்டு எந்த மீற்றரிலை பாத்தனீர்? படம் போடும்.

பாலம்62:
மாமனாரை எதுக்கு இழுக்கறீங்க? 30 வாட்னு சொன்னா 30 வாட்தான். 24 மணி நேரம் போட்டாலும் 720 வாட் மணி, 60 ஆம்பியர் மணி. என்கிட்ட லித்தியம் பேட்டரி 300 ஆம்பியர் மணி இருக்கு. ராத்திரி தூங்கறப்போ அணைச்சுடுவேன். இதுல எங்க பேட்டரி காலியாகுது?

லீ_ஓரத்தி:
ரெண்டு பேரும் வேற வேற டிஷ் பத்திப் பேசறீங்கன்னு நினைக்கிறேன். அவர் சொல்றது பெரிய ஸ்டாண்டர்ட் டிஷ், இவர் வச்சிருக்கிறது மினி.

அது கிடக்கட்டும். டாட்டன்ஹாம் பக்கம் லீ ஆத்துல நிக்கிற எங்களுக்கு 4ஜியே தாராளம். படகு முழுக்க இரும்பு, உள்ள போனை வச்சா சிக்னல் செத்துடும். ஆன்டெனாவைக் கூரைக்கு ஏத்திட்டு ரவுட்டர்ல சிம்மைச் சொருகினா முடிஞ்சுது. கரையில போறவன் எல்லாம் பார்க்கிற மாதிரி கூரை மேல வெள்ளைப் பலகையை வச்சுட்டு ராத்திரி தூக்கம் வருமா உங்களுக்கு? அதுவும் கால்வாய் ஓரம் பூரா மரம். டிஷ்ஷுக்கு வானம் திறந்து கிடக்கணும். ஒரு கிளை குறுக்க வந்தா வீடியோ கால்ல முகம் உறைஞ்சு நிக்கும்.

பழைய_ஃபியூஸ்:
எந்த டிஷ்சும் டிஷ்தான் பிள்ளை. எலி சின்னனெண்டாலும் நெல்லைத் திண்ணத்தான் செய்யும். 75.

பாலம்62:
மரமெல்லாம் பெரிய விஷயமே இல்ல. நிறுத்தறப்போ கொஞ்சம் முன்னப் பின்ன பார்த்து நிறுத்தினா போதும். படகு ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு அது தெரியும்.

ஆகாயகங்கை:
டிஷ்ஷை எந்தத் திசைக்கு வைப்பீங்க? நான் கேரவன்ல பத்து வருஷம் டிவி டிஷ் வச்சவன். தெற்கே கொஞ்சம் கிழக்கா வச்சு கொஞ்சம் தப்பினாலும் படம் போயிடும். படகு ஆடுமே? பக்கத்துல இன்னொரு படகு போனாலே போச்சு. சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு, ஒரு வார்த்தை பேசிட்டு அரை செகண்டுக்கு மேல காத்திருக்கணும். இதுல ஆபீஸ் காலாம்!

பாலம்62:
ஐயா, அது பழைய கதை. இந்த சாட்டிலைட் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துல பறக்குது. ஒரே இடத்துல நிக்காது, ஒண்ணு போனா அடுத்தது வரும், டிஷ் தானா மாத்திப் பிடிச்சுக்கும். படகு ஆடினா ஒண்ணும் ஆகாது. கால்வாய்ல மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம், ஓடிக்கிட்டே கூட வேலை செய்யலாம். பிளிஸ்வொர்த் சுரங்கத்துல மட்டும் வராது. கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர் மண்ணுக்குள்ள போறப்போ வானத்தை எங்க தேடறது?

ஆகாயகங்கை:
அப்போ சாட்டிலைட்னு சொல்லாதீங்க. சாட்டிலைட்னா 36,000தான்.

சும்மா_பார்க்கிறவன்:
சென்னையிலேர்ந்து ஒரு சந்தேகம். படகுவீடுன்னா ஆலப்புழை மாதிரிதானே? மத்தியானம் கரிமீன் பொரிச்சது உண்டா?

லீ_ஓரத்தி:
7 அடி அகலம்கூட இல்லாத இரும்புக் குழாய் தம்பி. கரிமீன் இல்ல. குளிர்காலத்துல கரி அடுப்பு மட்டும் உண்டு. கழிவறைத் தொட்டியை நாமளே தூக்கிட்டுப் போய்க் கொட்டணும். வர்றீங்களா?

பழைய_ஃபியூஸ்:
கதையைத் திருப்பாதையுங்கோ. மீற்றர் படம் எங்கை? நான் கேட்டு அரை நாளாச்சு. 30 வாற், 30 வாற் எண்டு கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுறவருக்கு ஒரு படம் எடுக்க ஏலாதோ?

சும்மா_பார்க்கிறவன்:
அது என்னங்க "வாற்"? வாட்தானே? படிக்கிறப்போ வாத்து ஞாபகம் வருது.

பழைய_ஃபியூஸ்:
நாங்கள் யாழ்ப்பாணத்திலை வாற் எண்டுதான் எழுதுவம், பற்றரி எண்டுதான் எழுதுவம். உங்கடை ஆக்கள் பாட்டரி, பேட்டரி, பேட்ரி எண்டு மூண்டு விதமாய் எழுதிப்போட்டு எங்களுக்குத் தமிழ் படிப்பிக்க வரவேண்டாம். வாத்துத்தான் ஞாபகம் வருதெண்டால் கால்வாயிலை நிறைய நிக்குது, வந்து பாரும்.

பாலம்62:
சரி, இந்தாங்க. நேத்து ராத்திரி பேட்டரி மானிட்டர்ல பார்த்தேன். டிஷ் மட்டும்: 12.6 வோல்ட், 2.6 ஆம்பியர். போதுமா?

பழைய_ஃபியூஸ்:
அப்ப 33 வாற். 30 எண்டு அடிச்சுச் சத்தியம் பண்ணினது ஆர்? பத்து வீதம் பொய்.

அதோடை இராத்திரி அளந்திருக்கிறீர். ஆரோடை வீடியோவிலை கதைச்சனீர் அந்த நேரம்? சும்மா கிடக்கேக்கை அளந்து போட்டுக் கணக்குக் காட்டுறது, கடை பூட்டின பிறகு வியாபாரம் பாத்த கதை. பகலிலை, வீடியோ கால் நடக்கேக்கை அளந்து படம் போடும். எழுத்து வேண்டாம். எழுத்திலை நானும் 3 வாற் எண்டு எழுதுவன்.

இன்னொண்டு. 12 வோல்ற்றிலை நேராய்க் குடுக்கிறீர் எண்டு விளங்குது. வயர் என்ன தடிப்பு? என்ன நீளம்?

பாலம்62:
ஆன்லைன்ல வாங்கின வயர்தான், 10 மீட்டர். எப்பவாவது தானா ரீஸ்டார்ட் ஆகும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. பெரிசா ஒண்ணுமில்ல.

பழைய_ஃபியூஸ்:
ஹா! இதைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். மெல்லிசு வயரிலை 10 மீற்றர் இழுத்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரேக்கை வோல்ற் விழும். டிஷ் ஒரு எத்து எத்தி இழுக்கேக்கை இன்னும் விழும், உடனை தன்னை அணைச்சுத் திரும்ப எழும்பும். 24 வோல்ற்றுக்கு ஏத்துற பெட்டி ஒண்டு பற்றரிக்குப் பக்கத்திலை பூட்டும், இல்லாட்டித் தடிச்ச வயர் போடும். இது தெரியாமல் மூண்டு வருசம் படகிலை இருந்து என்ன பிரயோசனம்?

இன்வெர்ட்டரிலை போட்டு 230 வோல்ற்றுக்கு ஏத்திப் பேந்து இறக்குற ஆக்களுக்கு அதிலை ஒரு பங்கு சூடாய்ப் போகும், அதையும் சேர்த்தால் 75 எங்கை நிக்கும் எண்டு யோசியுங்கோ. டிசம்பரிலை இஞ்சை பகல் 8 மணித்தியாலமும் இல்லை, சோலார் பலகை கூரைக்குப் பாரம், அவ்வளவுதான். பற்றரி படுத்தால் படகின்ரை அடியிலை சேருற தண்ணியை வெளியிலை தள்ளுற பில்ஜ் பம்ப் நிக்கும். பம்ப் நிண்டால் மழைத்தண்ணி உள்ளுக்கை. டிஷ் நெற்ஃபிளிக்ஸ் காட்டும், படகு தாழும்.

பாலம்62:
தாழறதா? லித்தியம்னு ஏற்கெனவே சொல்லியாச்சு. டிசம்பர்ல எஞ்சினை ஒரு ரெண்டு மணி நேரம் ஓட்டுவேன், பேட்டரி ஏறிடும், சுடுதண்ணியும் கிடைக்கும். ஸ்டார்லிங்க் இல்லாதவங்களும் அதைத்தான் செய்யறாங்க.

லீ_ஓரத்தி:
ஆமா, காலையில ஏழு மணிக்கே எஞ்சினைப் போடற மகராசன் நீங்கதானா? ராத்திரி 8லேர்ந்து காலை 8 வரைக்கும் போடக் கூடாதுன்னு விதி இருக்கு. பக்கத்துல படகு நின்னா புகை எங்க சன்னல் வழியா வரும்.

பாலம்62:
நான் எப்பங்க லீ ஆத்துக்கு வந்தேன்? எவனோ போட்டதுக்கு என்னை ஏன் திட்டறீங்க?

லீ_ஓரத்தி:
எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. ஃபியூஸ் அண்ணாவும் பேட்டரி பாடம் நடத்த வேண்டாம். 2022ல உங்ககிட்ட வாங்கின நாலு பேட்டரி ஆறு மாசத்துல வயிறு உப்பிப்போச்சு. "கை படாதது, புதுசு மாதிரி"ன்னு சொல்லி வித்தீங்க.

பழைய_ஃபியூஸ்:
திரும்பத் திரும்ப அந்தக் கதை. பற்றரி நல்ல பற்றரி. சார்ஜரை ஏத்தி வச்சுப்போட்டு மூண்டு மாசம் ஊருக்குப் போனது நீர். பற்றரி உப்பாமல் பாடுமோ? அந்த நாலையும் நான் இறக்கித் தந்ததுக்கு ஒரு தேத்தண்ணி கூடத் தரேல்லை.

லீ_ஓரத்தி:
தேத்தண்ணி குடுத்தேன். சீனி கம்மின்னு நீங்கதான் வச்சுட்டுப் போனீங்க.

புதுசு_மரினா:
வணக்கம். நான் அடுத்த மாசம் ஒரு மரினாவில (படகுகளைக் கட்டி நிறுத்துற துறை) நிக்கிற படகுக்குக் குடி போறேன். கரையிலேர்ந்து கரன்ட் இருக்கு. மினி வாங்கறதா, ஸ்டாண்டர்டா? ரெண்டு பக்கமும் பெரிய படகுகள் நிக்குது, அது மறைக்குமா?

ஆகாயகங்கை:
தெற்கே கொஞ்சம் கிழக்கா வையுங்க.

பாலம்62:
அது டிவி டிஷ் ஐயா!! புதுசு, அவர் சொல்றதைக் கேட்காதீங்க.

ஃபியூஸ் அண்ணா, நீங்க கேட்ட படம். இன்னைக்கு மத்தியானம் கால் நடக்கறப்போவே எடுத்துட்டேன். ஆனா ஏற மாட்டேங்குது. நேத்து ட்ரிங் ஊர்ப் பக்கம் கால்வாய் போற பள்ளத்துல வந்து கட்டினேன், ரெண்டு பக்கமும் மரம் கவிஞ்சு கிடக்கு. டிஷ் "தடை தடை"ன்னு சிவப்பு காட்டுது. நாளைக்கு நகர்ந்துட்டுப் போடறேன்.

லீ_ஓரத்தி:
அப்போ இந்தப் பதிவு எதுல எழுதறீங்க?

பாலம்62:
போன்ல.

லீ_ஓரத்தி:
போன்ல எது? 4ஜியா?

பாலம்62:
ஒரே ஒரு கோடுதான் காட்டுது. அதுவும் கதவுக்கு வெளிய நின்னாதான். அதனாலதான் படம் போகல. இதுக்கும் வாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

சும்மா_பார்க்கிறவன்:
மரமெல்லாம் பெரிய விஷயமே இல்லைன்னு மேல யாரோ எழுதியிருந்தாங்களே. தேடிப் பார்க்கறேன்.

புதுசு_மரினா:
மினியா, ஸ்டாண்டர்டா? யாராவது சொல்லுங்களேன்.

பழைய_ஃபியூஸ்:
பிள்ளை, பொறும். முதல் அந்தத் தம்பி படத்தைப் போடட்டும். போடாட்டி 75தான்.

பாலம்62:
33.